சேம அச்சும் மலை இறக்கமும்: லேண்ட்ரோவர் வண்டி திருந்திய வரலாறு

உப்பு விற்ற உமணர்கள் தம் வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டே வழி நடந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் தருகிறார். எழினியின் புகழைச் சொல்ல வந்த இடத்தில் உவமையாக வந்தது அச் சேம அச்சு. வண்டியில் முதலில் முறியக்கூடியது எது என்பதை அன்றைய வண்டிக்காரன் நன்கு அறிந்திருந்தான். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், லேண்ட்ரோவர் வண்டியில் காட்டுவழிப் பயணம் போனவர்களும் சாமான்களுக்கிடையே ஓர் அரை அச்சைச் செருகி வைத்துக்கொண்டனர். காரணம் ஒன்றே.

லேண்ட்ரோவர் 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பெற்றது. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் தலைவரான மோரிஸ் வில்க்ஸ், வேல்சு நாட்டு ஆங்கில்சி தீவிலிருந்த தம் நிலத்தில் போரில் கழிந்த அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பார்த்தே இது பிறந்தது. 1947இல் செய்த முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே அமைந்தது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், ஜீப்புக்கும் அதுவே. எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் மேலுடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். எஞ்சின் 50 குதிரைத்திறன் உடையது. கீழே இரண்டு கனத்த அச்சுகள், அவற்றைத் தாங்கப் பட்டை வில்கள், சக்கரந்தோறும் 10 அங்குல டிரம் பிரேக். அவ்வளவே.

பட்டை வில்லைப் பழைய குதிரை வண்டியின் மிச்சம் என்று இகழ்வோர் உண்டு. அது நியாயமன்று. எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்த ஒரே பொருள் மூன்று வேலைகளைச் செய்கிறது: சுமையைத் தாங்குகிறது, அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது, பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கத்தையும் ஓரளவு அடக்குகிறது. கொல்லன் உலையிலேயே அதைப் பழுது பார்க்கலாம். ஆனால் ஈர நாட்டில் அப் பட்டைகளுக்கிடையே துரு ஏறுகிறது. துரு ஏறிய வில் வளைவதில்லை. குழி வரும்போது சக்கரம் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது. நிலத்தைத் தொடாத சக்கரம் இழுக்கவும் மாட்டாது, நிறுத்தவும் மாட்டாது.

மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே 1948இல்தான். 1960 வரை நீடித்த அக் காலத்தில் பிரிட்டிஷ் படையினர் இவ்வண்டியை இங்கே பெரிதும் பயன்படுத்தினர். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இளைஞர் சிலர் இரண்டு லேண்ட்ரோவர்களில் 1955 செப்டம்பரில் லண்டனைவிட்டுப் புறப்பட்டு, தரைவழியே 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். ஆயினும் இவ்வண்டி நிலையாகக் குடியேறிய இடம் கேமரன் மலை எனலாம். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றிய நாள்தொட்டுத் தமிழர் உழைப்பு படிந்த மலை அது. அங்கே காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்களை இன்றும் காணலாம்.

அம்மலையில் ஏறுவதைவிட இறங்குவதே பெரும் சோதனை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு உயர வேறுபாடு ஏறக்குறைய 1,400 மீட்டர். இரண்டு டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை ஏற்க வேண்டியது பிரேக். டிரம் என்பது மூடிய சட்டி போன்றது. சூடேறினால் அது விரிந்து, உள்ளிருக்கும் கட்டைகளைவிட்டு விலகுகிறது. ஓட்டுபவர் மிதிக்க மிதிக்கக் கால் ஆழமாகப் போகும், வண்டி நில்லாது. பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய் செல்லும் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போயின.

நீண்ட வகை வண்டிகளுக்கு 11 அங்குல டிரம் கொடுத்தனர். 109 அங்குல வண்டியின் முன் சக்கரங்களில் இரு கட்டைகளும் சுழற்சியோடு தாமே இறுகுமாறு அமைந்திருந்தன. முன்னோக்கிச் செல்லும்போது நல்ல பிடி. ஆனால் ஏற்றத்தில் எஞ்சின் நின்று வண்டி பின்னோக்கி உருண்டால், அதே அமைப்பு பிடியைத் தளர்த்திவிடுகிறது! மலைவாழ் ஓட்டுநர்கள் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

டிஸ்க் பிரேக் அப்போது அறியப்படாததன்று. பிரடெரிக் லாஞ்செஸ்டர் 1902இலேயே அதற்கு உரிமம் பெற்றார். 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வண்டி வென்றதும் டிஸ்க் பிரேக்கின் துணையால். தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் விரைவில் ஆறுகிறது. சூட்டில் அது பருத்தாலும் பிடிப்புக்கட்டையை நோக்கியே பருக்கிறது. 1970 ஜூனில் ஸ்பென் கிங் முதலியோர் ஆக்கிய ரேஞ்ச்ரோவர் வெளிவந்தபோது நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், நான்கிலும் சுருள் வில் இருந்தன. சுருள் வில் தாங்க மட்டுமே அறியும்; அச்சைப் பிடிக்க அறியாது. ஆகவே பிடித்து நிறுத்தத் தனியே தண்டுகளை அமைத்தனர். அவ்வசதி செல்வர் வண்டிக்கு வந்த பின்னர், உழைப்பாளி வண்டிக்கு வர 13 ஆண்டுகள் ஆயின. 1983இல் வந்த 110 வண்டிதான் சுருள் வில்லும் முன் டிஸ்க்கும் பெற்றது. மூட்டையும் ஆளும் ஏற்றி மலையிறங்கும் வண்டிக்கு அவை முதலில் வந்திருக்க வேண்டாவா?

நிறுவனம் செய்யாததைப் பட்டறைகள் செய்தன. 109இன் பெரிய டிரம்மைச் சிறிய வண்டிக்கு மாற்றினர். பிந்திய வண்டியின் டிஸ்க்கைப் பழையதற்குப் பொருத்தினர். பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஓரம் மெலிந்து, இடையே தொடாதவாறு செய்த வில்கள் வந்தன. உராய்வு இல்லாமையால் அவை மென்மையாக வளையும். அதனாலேயே நல்ல ஷாக் அப்சார்பர் இன்றி அவை ஊஞ்சலாடும். பின்புறத்து அரை அச்சு முறிவதற்கு மருந்தாக, 1970களில் நீண்ட வண்டிகளுக்கு வந்த சாலிஸ்பரி என்னும் வலுத்த அச்சை எடுத்துக்கொண்டனர். அது உறுதியானது, ஆனால் அதன் நடுக்குடம் பெரிதாகையால் தாழ்ந்து தொங்கிப் பாறையில் இடிக்கும்.

இத்திருத்தங்களில் பலர் தவறியது வரிசையில். கண்ணுக்கு அழகு தருவது உயரம். எனவே முதலில் வில்லை உயர்த்தி, பெரிய டயர் பூட்டுவர். 6.00-16 டயருக்குப் பதில் 7.50-16 பூட்டினால் ஆரை கூடி, அதே பிரேக்கின் பிடி தரையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். அச்சு தாழ்ந்து தொங்கும்போது பழைய ரப்பர்க் குழாய் நீளம் போதாமல் இழுபடும்; அது அறுந்தால் பிரேக்கே இல்லை. விரைவு வேண்டி ரேஞ்ச்ரோவரின் பல்சக்கரத்தை அச்சினுள் வைப்பாரும் உண்டு. பழையதில் சக்கரம் ஒருமுறை சுற்றத் தண்டு 4.7 முறை சுற்றும், புதியதில் 3.54 முறை. சமவெளியில் சுகமே. இறக்கத்திலோ எஞ்சின் பிடித்து நிறுத்தும் வலிமையில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. பிரேக்கைத் தொட்ட பின்னரே அச்சையும் வில்லையும் தொடுவது மலைக்கு ஏற்ற முறை.

அச்சுக்கும் பிரேக்குக்கும் உள்ள உறவு கைப்பிரேக்கில் தெளிவாகத் தெரியும். லேண்ட்ரோவரின் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. பல்சக்கரப் பெட்டியின் பின்னே, சுழலும் தண்டில் இருக்கிறது. பின்புறத்து அரை அச்சு ஒன்று முறிந்தால், தண்டைப் பிடித்து என்ன பயன்? நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் தன்போக்கில் சுற்ற, முன் சக்கரங்களும் இணைக்கப்படாதிருந்தால் வண்டி உருண்டுவிடும். அரை அச்சு முறிவது பெரும்பாலும் சுமையோடு ஏறும்போது. பிடி தேவைப்படுவதும் அப்பொழுதே. ஆகையால் கீழே குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஒருவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

1990களின் நடுவில் பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் வந்தது. கைப்பிரேக் மட்டும் இடம் மாறவில்லை. 2016 ஜனவரி 29ஆம் நாள் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கடைசிப் பழைய வகை வண்டியிலும் அது தண்டின்மீதே இருந்தது.