மேல் மாடியில் கிடார் சத்தம்

சென்ற காலாண்டில் நம் சங்கப் புகார்ப் புத்தகத்தில் "ஐந்தாம் மாடியில் இரவு நேரத்தில் கிடார் சத்தம், தூங்க முடியவில்லை" என்று ஒரு வரி இருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். எழுதியது நான்தான். எனக்குக் கீழே இன்னும் நான்கு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். வரும் பொதுக்குழுவில் வீட்டுக்குள் இசை ஒலிப்பதிவு செய்யக்கூடாது என்று தீர்மானம் வருகிறதென்றால், அதற்கு விதை போட்டவன் நான். கை தூக்கப் போகிறவர்கள் நீங்கள். அதற்கு முன் நான் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

புகார் எழுதிய பிறகும் சத்தம் நிற்காததால் ஒரு நாள் சண்டை போடவே மேலே போனேன். கதவைத் திறந்த தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே "வாங்க அங்கிள்" என்றான். கையில் எலெக்ட்ரிக் கிடார். அதிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டி ஒன்றுக்கும், அங்கிருந்து இன்னொன்று லேப்டாப்புக்கும் போயிற்று. வாசித்துக் காட்டினான். கம்பி அதிரும் கொசு ரீங்காரம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. மொத்தப் பாட்டும் அவன் காதுக்குள். என் தூக்கத்தைக் கெடுத்தது சுவரில் சாய்த்து வைத்திருந்த இன்னொன்று, மரத்தால் ஆன சாதாரண கிடார். அதை மைக் வைத்துத்தான் பதிய முடியுமாம். எட்டுப் பாட்டுள்ள ஆல்பம் ஒன்றைத் தானே தயாரிக்கிறான். ஒரு பாட்டுக்கு கிடார் மட்டும் நான்கைந்து தடவை தனித்தனியாக வாசிக்க வேண்டும் என்றான். "ஸ்டுடியோவுக்குப் போகலாமே?" என்றேன். "மணிக்கணக்கில் காசு அங்கிள்" என்றான்.

ஒரே ஆள் ஏன் நான்கைந்து தடவை வாசிக்க வேண்டும்? அதுவும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு? பதிலைத் தேடிப் போனால் அது எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கார் ஷெட்டில் போய் நின்றது.

லெஸ் பால் என்ற பெயரை கிடார் வாசிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 1952-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்டு இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் கிடார் மாடலுக்கு அவர் பெயர்தான். 1915-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்க்கும் ஜாதி. 1940-களின் நடுவில் ஹாலிவுட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கினார். சொந்தமாக ஒன்று கட்டிக்கொள்ளச் சொல்லித் தூண்டியவர் பாடகர் பிங் கிராஸ்பி. இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் விலை அதிகம். இவர் காடிலாக் காரின் ஃப்ளைவீலைத் தட்டு சுழலும் மேடையாக வைத்துத் தானே ஒன்று செய்துகொண்டார். கார் எஞ்சின் ஒரே சீராகச் சுழல்வதற்காகவே செய்த கனமான சக்கரம் அது. தட்டுக்கும் அதுதானே தேவை?

அவர் செய்த வேலை இது. முதலில் கிடாரில் ஒரு பகுதியை வாசித்து ஒரு தட்டில் பதிவார். அந்தத் தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து இரண்டாவது பகுதியை வாசித்து, இரண்டையும் ஒன்றாக இன்னொரு தட்டில் பதிவார். பிறகு அதை ஓடவிட்டு மூன்றாவது. இப்படியே ஏறிக்கொண்டு போகும். 1948-இல் வந்த 'லவர்' என்ற தட்டில் கேட்கும் எட்டு கிடார்களும் அவர் ஒருவரே. சில பகுதிகளைத் தட்டு பாதி வேகத்தில் சுழலும்போது வாசித்தார். முழு வேகத்தில் ஓட்டினால் அவை இரண்டு மடங்கு விரைவாக, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஏழாவது பகுதியில் விரல் வழுக்கினால் அந்தத் தட்டு குப்பைக்கு. அந்த ஒரு பாட்டு சரியாக வருவதற்குள் ஏறக்குறைய 500 தட்டுகள் செலவாயின என்பார்கள். நம் தம்பி லேப்டாப்பில் ஒரு பொத்தானை அமுக்கி அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிறான். புண்ணியவான்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பழைய ஒலி கொஞ்சம் மங்கும், இரைச்சல் ஏறும். அதனால் பின்னணியில் கிடக்க வேண்டிய பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, காதில் முதலில் விழ வேண்டியதைக் கடைசிக்கு வைப்பார். பாட்டு முழுவதும் மனதில் முன்பே இருந்தால்தான் இப்படித் தலைகீழாகக் கட்ட முடியும்.

அதே 1948 ஜனவரியில் ஓக்லஹோமாவில் பனி உறைந்த சாலையில் கார் கவிழ்ந்து அவருடைய வலது கை நொறுங்கியது. முழங்கை இனி மடங்காது என்ற நிலை வந்தபோது, அதை எந்தக் கோணத்தில் வைத்துக் கட்டுவது என்ற கேள்வி எழுந்தது. கிடாரை அணைத்து வாசிக்க வாகாக, ஏறக்குறைய செங்கோணத்தில் வைக்கச் சொன்னார் லெஸ் பால். கை குணமாக ஒன்றரை வருடம் பிடித்தது. ஆயுள் முழுவதும் அந்த மடங்கிய கையோடுதான் இருந்தார். சட்டைப் பொத்தான் போடுவதற்கு அது எப்படி ஒத்துழைத்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1949-இல் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரைப் பரிசளித்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி, ஓடுகிற நாடாவில் இருப்பதைக் கேட்டுக்கொண்டே புதியதையும் சேர்த்து அதே நாடாவில் பதியும்படி மாற்றிவிட்டார். தட்டு வெட்டும் வேலை ஒழிந்தது. ஆனால் முந்தைய பதிவு அதே நொடியில் அழிந்துகொண்டே வரும். பத்தாவது தடவை தப்பு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெஷினோடு அவரும் மனைவி மேரி ஃபோர்டும் குடியேறிய இடங்களில் ஒன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸ். நம்மைப் போலவே மேலும் கீழும் பக்கத்திலும் ஆட்கள் இருக்கும் குடியிருப்பு வீடு. லாகார்டியா விமான நிலையமும் பக்கத்தில்தான். 1951 ஜனவரியில் அங்கேதான் 'ஹவ் ஹை த மூன்' பதிவானது. மேரியின் குரல் பலமுறை, கிடார் பலமுறை, ஒன்றன்மேல் ஒன்றாக. அது ஒன்பது வாரம் அமெரிக்காவின் முதல் இடத்தில் இருந்தது. கிடாரின் மின்னொலியை மைக் இல்லாமல் நேராகவே மெஷினுக்குள் செலுத்தினார். பாடும்போது மேரி மைக்கிலிருந்து அரை அடிக்கும் குறைவான தூரத்தில் நின்றார். ஸ்டுடியோக்களில் அப்போது தள்ளி நின்று பாடுவதுதான் வழக்கம். நெருங்கி நின்றால் அறையின் எதிரொலி வராது, குரலையும் உயர்த்த வேண்டாம். இன்று உலகமெங்கும் பாடகர்கள் மைக்கில் உதடு படும்படி பாடுவது சாதாரணமாகிவிட்டது.

1957-இல் அவரிடம் எட்டு டிராக் ஆம்பெக்ஸ் மெஷின் வந்துசேர்ந்தது. எட்டுப் பகுதிகளையும் தனித்தனியாக வைத்து, ஒன்றை மட்டும் திருத்தலாம். விலை 10,000 டாலர். அந்தத் தொகையோடு, வீட்டில் பதிவது சாதாரண ஆட்களுக்குக் கிடையாது என்றும் ஆகிவிட்டது. இடைப்பட்ட இருபது வருடத்தைத் தாண்டிவிடலாம்.

1970-களில் டாம் ஷோல்ஸ் என்று ஒருவர். எம்.ஐ.டி.யில் படித்த எஞ்சினியர், பகலில் போலராய்டு நிறுவனத்தில் வேலை. மாசசூசெட்ஸில் தான் குடியிருந்த கட்டடத்தின் பேஸ்மென்ட்டில், கட்டடத்தைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில், அவ்வப்போது தண்ணீர் புகும் ஒரு சின்ன இடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்திருந்தார். (நம் பார்க்கிங் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஒப்பந்தம் போட்ட இசை நிறுவனம், எல்லாவற்றையும் முறையான ஸ்டுடியோவில் புதிதாகப் பதிய வேண்டும் என்றது. இவர் குழுவிலிருந்த மற்றவர்களை லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் பேஸ்மென்ட்டில் இருந்தபடி கிடார் பகுதிகளை அடுக்கினார். 'பாஸ்டன்' என்ற அந்த ஆல்பம் 1976-இல் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் அடுத்துச் செய்தது. ராக் கிடாரின் அந்த உறுமல், ஆம்ப்ளிஃபயரை முழு அளவுக்குத் திருப்பினால்தான் வரும். அக்கம்பக்கம் தாங்காது. ஷோல்ஸ், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் வைக்க 'பவர் சோக்' என்று ஒரு பெட்டி செய்தார். ஆம்ப் உறுமும், அதன் சக்தியில் பெரும்பங்கைப் பெட்டி உறிஞ்சிவிடும், ஸ்பீக்கர் மெதுவாகப் பேசும். 1982-இல் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவில் 'ராக்மேன்' வந்தது. கிடாரைச் செருகி ஹெட்ஃபோனில் கேட்க வேண்டியதுதான். ஐந்தாம் மாடியில் நான் பார்த்த சின்னப் பெட்டிக்கு இதைச் சித்தப்பா என்று சொல்லலாம்.

மர கிடாருக்கு இந்த வித்தைகள் செல்லாது. அதே 1982 ஜனவரியில் நியூஜெர்சியில் தன் வீட்டுப் படுக்கையறையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் உட்கார்ந்திருந்தார். முன்னால் இரண்டு சாதாரண மைக், சாதா கேசட்டில் நான்கு டிராக் பதியும் 'போர்ட்டாஸ்டுடியோ'. டியாக் நிறுவனம் 1979-இல் கொண்டுவந்த கருவி அது. குழுவினருக்குப் பாட்டைக் கற்றுக்கொடுக்க ஒரு மாதிரி, அவ்வளவுதான் நோக்கம். பிறகு நியூயார்க்கின் பெரிய ஸ்டுடியோவில் முழுக் குழுவோடு முயன்றார்கள். கேசட்டில் இருந்த தனிமை அங்கே வரவில்லை. கடைசியில், உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார்கள். நம் ஊரிலும் கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் வீட்டை ஒட்டிக் கட்டிய கூடத்திலிருந்துதான் 'ரோஜா'வின் இசை வந்தது.

தம்பியிடம் இரண்டாம் முறை போனபோது ஒரு நோட்டைக் காட்டினான். நம் கட்டடத்தின் சத்தங்கள் அதில் நேரம் போட்டு எழுதியிருந்தன. காலை ஆறரைக்குத் தண்ணீர் மோட்டார். பதினொன்றுக்கு யார் வீட்டிலோ குக்கர். மாலை நான்கு முதல் ஏழு வரை பிள்ளைகள் கீழே கிரிக்கெட். இரவு ஒன்பதே முக்காலுக்கு என் வீட்டு டி.வி. மர கிடாரை மைக் முன்னால் வைத்தால் இவையெல்லாம் உள்ளே வந்துவிடுமாம். அதனால்தான் இரவு பதினோரு மணிக்கு வாசித்திருக்கிறான். நான் அவன் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டிருந்த அதே மூன்று மாதம் அவன் நம் எல்லார் சத்தமும் அடங்கக் காத்திருந்திருக்கிறான்.

இருவரும் பேசி வைத்திருப்பது இதுதான். மர கிடாருக்கு மட்டும் பகல் இரண்டு முதல் மூன்றரை. இரவு ஒன்பதுக்கு மேல் ஹெட்ஃபோன் கிடார் மட்டும். புகார்ப் புத்தகத்தில் என் வரியை நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மற்ற நான்கு கையெழுத்துகள் அப்படியே இருக்கின்றன. பொதுக்குழுவில் தீர்மானம் வரும்போது இந்த நேர ஏற்பாட்டைத் திருத்தமாக நான் முன்வைக்கிறேன். பகல் இரண்டு மணிக்குத் தூங்க வைக்க வேண்டிய கைக்குழந்தை உள்ள வீட்டார், பி பிளாக்கில் இருவர் இருப்பதாக அறிகிறேன், தயவுசெய்து அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நேரத்தை மாற்றிக்கொள்ள அவன் தயார்.