எட்டு வாட் போதுமா? வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன் ஒரு கணக்கு

நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு மாலை வேளையில் கேட்ட வயலின் இசைதான் என்னை இந்த வழிக்கு இழுத்தது. அறையின் மூலையில் இரண்டு கண்ணாடிக் குழல்கள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அடுத்த மாதமே அதே வகை வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வாங்கினேன். வீட்டிலிருந்த ஒலிபெருக்கி எது என்று விற்றவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

முதல் வாரம் குரலும் வயலினும் மனத்தை நிறைத்தன. தனி ஆவர்த்தனம் வந்தபோதுதான் குறை தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி தெளிவாக விழாமல் கலங்கியது. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. மைக் செட் பழுதுபார்ப்பதில் வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரிடம் பெட்டியை எடுத்துச் சென்றேன். சோதித்துவிட்டு, “ஆம்ப்ளிஃபயரில் பழுதில்லை சார், கணக்கில்தான் பழுது” என்றார். அவர் அன்று கற்றுத்தந்த கணக்கையும் அதன் பிறகு நான் படித்தும் பட்டும் அறிந்தவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

ஓய்வுபெறாத தொழில்நுட்பம்

ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904இல் முதல் வால்வை உருவாக்கினார். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அதற்குள் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார். மெல்லிய மின்குறிகளைப் பெருக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. வீட்டு இசைக்கான உயர்தர ஆம்ப்ளிஃபயருக்கு இலக்கணம் வகுத்த வில்லியம்சனின் வடிவமைப்பு, பிரிட்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் 1947இல் வெளியானது. வால்வுக்கு ஓய்வு கொடுக்கவிருந்த டிரான்சிஸ்டரும் அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் சில ஆலைகளே உலகின் தேவையில் பெரும்பகுதியை நிறைவு செய்கின்றன.

அளவுகோலை வைத்துப் பார்த்தால், பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களைவிட எளிய விலையிலுள்ள நவீன ஆம்ப்ளிஃபயர் குறைவான பிறழ்வையே தரும். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால், வால்வு சேர்க்கும் பிறழ்வில் பெரும்பங்கு மூல ஒலியின் இரட்டிப்பு அதிர்வெண். அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. காது அதை இரைச்சலாக அல்லாமல் இழைவாகவே ஏற்கிறது. இந்த இனிமையை விரும்புவது ரசனை. அதற்கு ஏற்ற கருவியைத் தேர்வதோ கணிதம்.

ஒலிபெருக்கியே முதலில்

ஸ்பீக்கருக்குத் தமிழில் ஒலிபெருக்கி என்று பெயர். மின்குறியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை என்பதால் இது பொருந்தாத பெயர் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வால்வு உலகில் அந்தப் பெயரில் ஓர் உண்மை இருக்கிறது: எவ்வளவு சத்தம் கிடைக்கும் என்பதை ஒலிபெருக்கியின் உணர்திறனே பெரிதும் முடிவு செய்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதே அந்த எண்.

என் ஒலிபெருக்கி 84 டெசிபல். என் ஆம்ப்ளிஃபயர் 300பி என்ற வால்வு ஒன்றைப் பக்கத்துக்கு ஒன்றாகக் கொண்டது; தரக்கூடியது 8 வாட். ஆற்றல் ஒவ்வொரு முறை இருமடங்காகும்போதும் 3 டெசிபல் கூடும். ஆக, 8 வாட்டுக்கு 9 டெசிபல் கூடி 93 ஆகிறது. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் சாதாரண அறையில் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். இரண்டு ஒலிபெருக்கிகள் சேர்வதால் 3 கூடும். முடிவில் 90 டெசிபல்.

அது போதாதா? நான் கேட்கும் சராசரி அளவு 75 டெசிபல்தான். ஆனால், மிருதங்கத்தின் ஓர் அடி அந்தச் சராசரியைவிட 20 டெசிபல்வரை எகிறக்கூடும். அந்தக் கணத்தில் 95 தேவை. குறையும் 5 டெசிபலை ஈடுகட்ட மூன்று மடங்கு ஆற்றல், அதாவது 25 வாட் வேண்டும். இல்லாத ஆற்றலை ஆம்ப்ளிஃபயர் எங்கிருந்து கொடுக்கும்? அலையின் உச்சி வெட்டுப்பட்டது, தொப்பி கலங்கியது. இதே 8 வாட் 92 டெசிபல் ஒலிபெருக்கியில் 98 டெசிபலைத் தொட்டிருக்கும்.

எத்தனை வாட் கிடைக்கும்?

ஒற்றை வால்வு வகையில் 2ஏ3 ஏறத்தாழ மூன்றரை வாட்டும், 300பி 8 வாட்டும் தரும். 90 டெசிபலுக்கு மேற்பட்ட உணர்திறன் இருந்தால் மட்டுமே இவற்றை நினைத்துப் பார்க்கலாம். இரு வால்வுகள் மாறி மாறித் தள்ளியும் இழுத்தும் இயங்கும் ‘புஷ் புல்’ வகையில் ஆற்றல் கூடும். 1953இல் வந்த பிரிட்டனின் குவாட் 2 ஆம்ப்ளிஃபயர், கேடி 66 இணையில் 15 வாட் தந்தது. 1959இல் வந்த அமெரிக்காவின் டைனக்கோ எஸ்டி 70, இஎல் 34 இணையில் பக்கத்துக்கு 35 வாட் தந்தது. 1961இன் மெக்கின்டாஷ் எம்சி 275, கேடி 88 இணையில் 75 வாட்டை எட்டியது. நம் அடுக்குமாடிக் குடியிருப்பு அறைகளுக்கும், 86 முதல் 89 டெசிபல் வரையிலான வழக்கமான ஒலிபெருக்கிகளுக்கும் இஎல் 34 இணையே நடுநிலையான தேர்வு என்பது என் கருத்து.

ஓம் பொருத்தம்

வால்வு அதிக மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னோட்டத்திலும் இயங்குவது. ஒலிபெருக்கிக்குத் தேவை இதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் இடையே தரகராக நிற்பது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். வால்வு எதிர்பார்க்கும் சுமை 5,000 ஓம், ஒலிபெருக்கி 8 ஓம் என்றால், இரண்டின் விகிதம் 625. அதன் வர்க்கமூலமான 25க்கு 1 என்பதே கம்பிச்சுற்றுகளின் விகிதம். வால்வு ஆம்ப்ளிஃபயர் கனமாக இருப்பதற்கும் விலை கூடுவதற்கும் இந்த டிரான்ஸ்ஃபார்மர் முக்கியக் காரணம். கஞ்சத்தனம் செய்யக் கூடாத இடமும் இதுவே.

பின்புறத்தில் 4, 8, 16 ஓம் என்று முனைகள் இருக்கும். நான்கு ஓம் ஒலிபெருக்கியை 8 ஓம் முனையில் இணைத்தால், வால்வுக்குத் தெரியும் சுமை பாதியாகிறது. பிறழ்வு கூடுகிறது, வால்வு தேய்கிறது. மேலும், 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் சுரத்துக்குச் சுரம் அது 4 ஓமாகச் சரியலாம், 30 ஓமாக உயரலாம். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்கு வளைந்துகொடுப்பதால் இசையின் நிறமே மாறும். எனவே, மிகக் குறைந்த ஓம் எவ்வளவு என்று கேட்டு அதற்கு அருகிலுள்ள முனையில் இணைப்பது நல்லது.

முன்புறப் பொருத்தமும் உண்டு. சிடி பிளேயர் பொதுவாக 2 வோல்ட் தரும். முழு ஆற்றலுக்கு 1 வோல்ட் போதும் என்றால், சத்தம் கூட்டும் குமிழ் ஒன்றே போதுமானது. தனி ப்ரீ ஆம்ப்ளிஃபயர் வீண் செலவு.

மின்சாரம், வெப்பம், ஆபத்து

சீனாவின் மின்சாரம் 220 வோல்ட், ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. நமது அளவு 230. 220 வோல்ட்டுக்கென்று செய்த கருவியில் நம் வீட்டு மின்சாரம் 250ஐத் தொடும்போது, 6.3 வோல்ட் வேண்டிய வால்வின் இழைக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது. இது வழக்கமாக அனுமதிக்கப்படும் பத்து விழுக்காட்டைத் தாண்டியது. வாங்குமுன் எந்த வோல்ட்டுக்கானது என்று பாருங்கள். நல்ல ஸ்டெபிலைசர் ஆடம்பரமன்று.

நான்கு இஎல் 34 வால்வுகளின் இழைகள் மட்டுமே ஏறத்தாழ 38 வாட்டை வெப்பமாக்கும். மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். உள்ளே 400, 500 வோல்ட் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டர்கள் அதை உயிர்போக்கும் அளவுக்குச் சேமித்து வைத்திருக்கலாம். பழகாதவர்கள் அடிமூடியைத் திறக்கவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வால்வுகள் மீது கம்பிக்கூண்டு கட்டாயம். ஒலிபெருக்கியை இணைக்காமல் ஒருபோதும் இயக்க வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

ஆற்றல் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரமே உழைக்கும். தினமும் இரண்டு மணி நேரம் கேட்டால் சில ஆண்டுகளில் மாற்ற நேரிடும். மாற்றும்போது ‘பயஸ்’ எனப்படும் நிலை மின்னோட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். தானே சரிசெய்துகொள்ளும் வகையில் ஆற்றல் சற்றுக் குறைந்தாலும், மெக்கானிக் அருகில் இல்லாதவர்களுக்கு அதுவே நிம்மதி.

கடைக்குப் போகுமுன்

நான் ஆம்ப்ளிஃபயரை மாற்றவில்லை; ஒலிபெருக்கியை மாற்றினேன். 92 டெசிபல் ஒலிபெருக்கி வந்த அன்று அதே கச்சேரியை மீண்டும் கேட்டேன். தொப்பி அதனதன் இடத்தில் விழுந்தது. வயலினுக்காகச் செலவிட்ட பணத்தின் பயனை மிருதங்கம் வழியாகத்தான் உணர்ந்தேன்.

கணக்குச் சொன்ன பெரியவரின் பட்டறை இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். வால்வுகளை இணையத்தில் வரவழைக்கலாம். அவற்றைப் பொருத்திப் பார்த்து, காதால் கேட்டு, பழுது எங்கே என்று சொல்லும் கையை வரவழைக்க முடியாது. ஆகவே, கடைக்குப் போகிறவர்கள் நான்கு கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள்: என் ஒலிபெருக்கியின் உணர்திறன் என்ன? அதன் மிகக் குறைந்த ஓம் எவ்வளவு? இந்தக் கருவி எத்தனை வோல்ட்டுக்கானது? பழுதானால் என் ஊரில் யார் பார்ப்பார்? நான்காவது கேள்விக்குப் பெயரும் முகவரியுமாகப் பதில் கிடைக்காதவரை, பணத்தை எண்ணிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.