பனியாறு வளரக்கூடாது என்று நேர்த்தி வைத்த ஊர்

சுவிஸின் வாலிஸ் மாநிலத்தில் ஃபீஷ் என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. அதற்கு மேலேதான் ஆல்ப்ஸ் மலையின் மிக நீளமான பனியாறான அலெச் கிடக்கிறது. இன்றும் அதன் நீளம் 20 கிலோமீற்றர் அளவு.

1678-ல் ஃபீஷ் மக்களும் பக்கத்து ஃபீஷர்டால் மக்களும் ஒரு நேர்த்தி வைத்தார்கள். ஒழுக்கமாக வாழ்வோம், பனியாறு வளராமல் ஆண்டவர் காக்கவேண்டும் என்பதே அந்த நேர்த்தி. அது ஐரோப்பா குளிரில் உறைந்திருந்த காலம். பனியாறு ஓரத்தில் தேக்கிவைத்த மெர்யலன் ஏரி உடைத்துப் பாய்ந்தால் கீழே வயலும் வீடும் மிஞ்சாது. 1862 முதல் ஆண்டுதோறும் ஊர்வலமும் போனார்கள். மழைக்கு நேர்த்தி வைக்கும் எங்கட ஆக்களுக்கு இது விளங்காத விசயமில்லை.

பிறகு கதை தலைகீழானது. ஏறக்குறைய 1860-க்குப் பின் அலெச் 3 கிலோமீற்றருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. தொடக்கத்தில் இயற்கையும் ஒரு காரணம். ஆனால் அண்மைப் பத்தாண்டுகளின் உருகலுக்கு நாங்கள் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமே முக்கிய காரணம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் 10 வீதத்தை இழந்தன. 2009-ல் அந்த ஊரவர்கள் வத்திக்கானிடம் போனார்கள். இனிமேல் பனியாறு வளரவேண்டும் என்று மன்றாட அனுமதி கேட்டார்கள். அனுமதியும் கிடைத்தது!

இதைப் பலர் வேடிக்கைச் செய்தியாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1678-ல் அந்த மக்களுக்குக் குளிரின் காரணம் தெரியாது. மன்றாடுவதைவிட வேறு வழியும் இல்லை. எங்களுக்கு அப்படியில்லை. கரியமிலவாயு கூடினால் பூமி சூடாகும் என்று சுவீடன் விஞ்ஞானி அரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

எம்மவரில் சிலர், "அகதியாக வந்த எங்களுக்கு இதில என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. இங்கு குடியுரிமை பெற்றவர்களிடம் வாக்கு இருக்கிறது. 2021-ல் கரியமிலவாயுச் சட்டத்தை 51.6 வீதம் பேர் நிராகரித்தார்கள். 2023-ல் காலநிலைச் சட்டத்தை 59.1 வீதம் பேர் ஏற்றார்கள். இந்த இரண்டு முடிவுகளும் வாக்குச்சீட்டால் வந்தவைதான். அந்தச் சீட்டு எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்கும் வருகிறது.

வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணம் மழையையும், சுண்ணக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரையும் நம்பியிருக்கும் மண். கடல் உயர்ந்தால் கிணற்றில் உப்பேறும். இங்கே எரிக்கும் எண்ணெயின் புகைக்கு எல்லையும் இல்லை, விசாவும் தேவையில்லை.

நேர்த்தி வைப்பவர்கள் வைக்கட்டும். ஆனால் ஃபீஷ் மக்களின் பழைய நேர்த்தியில் இரண்டு பாதிகள் இருந்தன: ஒன்று மன்றாட்டு, மற்றது நாங்கள் ஒழுங்காக வாழ்வோம் என்ற வாக்குறுதி. அந்த இரண்டாவது பாதி எங்கள் பொறுப்பு.