ஜெனீவா தீர்மானங்களும் தமிழ் ஏடுகளின் விமர்சனமும்

2012 மார்ச் 22 அன்று ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை குறித்து அமெரிக்கா கொணர்ந்த 19/2 தீர்மானம், 24 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியது. 15 நாடுகள் எதிர்த்தன. இந்தியா ஆதரித்தது. இலங்கை அரசு தானே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளைச் செயல்படுத்துமாறே அது கோரியது. குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பே விசாரிப்பது நீதியாகாது என்பதே தமிழ் ஏடுகள் பலவற்றின் விமர்சனம். 2013 மார்ச்சில் தமிழக மாணவர்களும் பன்னாட்டு விசாரணை கோரிப் போராடினர். 2014இல் 25/1 தீர்மானம் ஐ.நா. விசாரணைக்கு வழிவகுத்தபோது இந்தியா நடுநிலை வகித்தது. 2018 ஜூனில் அமெரிக்கா மன்றத்திலிருந்தே விலகியது.

இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்திற்கு வன்கொடுமை வழக்குகளைக் கொண்டுசெல்வோருக்கு இவ்விமர்சனம் புதிதன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோரின் குரல் விசாரணையில் கேட்கப்பட வேண்டும் என்கிறது. வல்லரசுகளின் தீர்மானங்களையும் நாம் அந்த அளவுகோலாலேயே அளக்க வேண்டும்.