விளக்கு வைத்த பிறகு திறந்த கல்லூரி

1800-ஆம் ஆண்டு. கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்விக்கூடத்தில் ஜார்ஜ் பிர்க்பெக் என்ற இளம் மருத்துவர் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் செய்து காட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. அதைச் செய்துவாங்கத் தகரப் பட்டறைக்குப் போனார். அங்கிருந்த தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்: இது எப்படி வேலை செய்கிறது, எதற்காக? தங்கள் கையால் செய்யும் பொருளின் விஞ்ஞானத்தை அறிய இத்தனை ஆவல் கொண்டவர்களுக்கு ஒரு வகுப்பு ஏன் இல்லை என்று யோசித்த பிர்க்பெக், சனிக்கிழமை இரவுகளில் இலவசமாகப் பாடம் நடத்தத் தொடங்கினார். முதல் வாரம் வந்தவர்கள் 75 பேர். நான்காவது வாரம் 500 பேர்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருத்தம். உழைப்பவர் தன் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படித்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கல்விக்கூடம் தன் நேரத்தை அவருக்காக மாற்றிக்கொண்ட கதைகள்தான் குறைவு. அந்த மாற்றம் இல்லாமல் போயிருந்தால், தூக்கத்தை விட்டுக்கொடுத்தும் பலருக்குப் பட்டம் கிடைத்திருக்காது.

பிர்க்பெக் 1804-இல் லண்டனுக்குப் போய் மருத்துவத் தொழிலில் இறங்கினார். 1823 நவம்பரில், ஸ்ட்ராண்ட் தெருவில் இருந்த ‘கிரௌன் அண்ட் ஆங்கர்’ என்ற மதுவிடுதியில் ஒரு கூட்டம் நடந்தது. சுமார் 2,000 பேர் திரண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் லண்டன் தொழிலாளர் கல்விக்கழகம். தொழிலாளிக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தால் நாட்டில் ஒழுங்கு கெடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். பிர்க்பெக் தயங்கவில்லை. விரிவுரைக் கூடம் கட்டத் தன் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தார். 1830-இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. அக்காலத்தில் அது பெரிய துணிச்சல்.

ஆனால், படிப்பு வேறு, பட்டம் வேறு. இரவில் கேட்ட பாடத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? அந்தத் தடையை நீக்கியது 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் பெற்ற புதிய சாசனம். மருத்துவம் நீங்கலாக மற்றப் பட்டங்களுக்குக் கல்லூரி வருகைப் பதிவு தேவையில்லை. எங்கே, எப்படிப் படித்திருந்தாலும் தேர்வு எழுதலாம். 1865-இல் மொரீஷியஸ் தீவிலேயே தேர்வு நடந்தது. எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் இந்த வழியில் வந்தார்கள். அலுவலக வேலை பார்த்தபடியே பிர்க்பெக்கின் கழகத்தில் சட்டம் படித்த சிட்னி வெப், பின்னாளில் லண்டன் பொருளியல் பள்ளியை நிறுவியவர்களில் ஒருவர். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1890-இல் லண்டன் பி.எஸ்சி. முடித்தார்.

வென்றவர்களின் பெயர்களை மட்டும் அடுக்குவது நியாயமாகாது. ராம்சே மக்டொனால்டும் பிர்க்பெக்கின் அதே கழகத்தின் மாணவர்தான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஏழை இளைஞர். பகலில் குறைந்த சம்பளத்துக்கு எழுத்தர் வேலை, இரவில் அறிவியல் வகுப்பு. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் உடல் ஓய்ந்து படுத்துவிட்டார். விஞ்ஞானியாகும் கனவு அத்தோடு முடிந்தது. அவர் 1924-இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரானதால்தான் அந்தத் தோல்வி நமக்குத் தெரியவந்திருக்கிறது. அவரைப் போலவே ஓய்ந்து விழுந்த எழுத்தர்கள், தையற்காரர்கள், ஆசிரியைகள் எத்தனை பேரோ, அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கடல் தாண்டி இலங்கையில் அந்த லண்டன் தேர்வு ஒரு தலைமுறையையே வளர்த்தது. 1921-இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை மாணவர்களை லண்டன் பட்டத்துக்கே தயார் செய்தது. அதற்கும் முன்பே தாமாகப் படித்துத் தேறியவர்களில் மட்டக்களப்பின் மயில்வாகனனார் ஒருவர். பிற்காலத்தில் உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என்று அறிந்தது. 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். பிறகு யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தபடியே லண்டன் பி.எஸ்சி. பட்டமும் பெற்றார். ஒரு பக்கம் இலக்கணம், மறு பக்கம் அறிவியல், நடுவே நாள் முழுக்க வகுப்பறை. பின்னாளில் ‘யாழ் நூல்’ என்ற தமிழிசை ஆராய்ச்சி நூலை எழுதுவதற்கான பயிற்சி அந்த ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

சென்னையிலும் இத்தகையவர்கள் உண்டு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை அதோடு நிற்கவில்லை. அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1871-இல் பி.எல். முடித்தார். ஓலைச்சுவடி தேடி, ஒப்பிட்டு, 1887-இல் கலித்தொகையை அச்சில் ஏற்றியவர் அவர். சிறுவயதில் மாதம் 1 ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் உதவியாளாக இருந்த திருவாரூர் டி. முத்துசாமி ஐயர், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் ஆன பிறகும் மாணவராகி பி.எல். எழுதினார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி அவர்தான்.

லண்டனில் பிர்க்பெக்கின் கழகம், பிர்க்பெக் கல்லூரி என்ற பெயரோடு, 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையான உறுப்பானது. பகலில் சம்பாதிப்பவர்களுக்கு மாலையில் கற்பிப்பதே அதன் பணி. இரண்டாம் உலகப் போரில் நகரின் நடுவிலிருந்த மற்றப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் வெளியூர்களுக்கு இடம்பெயர்ந்தபோது பிர்க்பெக் போகவில்லை. போகவும் முடியாது, அதன் மாணவர்களுக்கு வேலை லண்டனில். 1941-இல் நூலகத்தின் மீது குண்டு விழுந்தது. வகுப்புகள் தொடர்ந்தன.

மாலைக் கல்லூரிக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் உதவியது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1971-இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி எதையும் கேட்கவில்லை, பிபிசி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம் நடத்தியது. அதே 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகமும் அஞ்சல்வழிக் கல்வியில் இறங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் சேர்ந்துகொண்டது. பாடப் புத்தகம் தபாலில் வரும். விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்பு நடக்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், வங்கி எழுத்தர்கள், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண்கள் எனப் பலரும் அதில் சேர்ந்தார்கள். பதவி உயர்வுக்காகப் படித்தார்கள் என்பது உண்மைதான். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

“கரஸ்ல வாங்கின டிகிரிதானே” என்ற இளப்பப் பேச்சு இன்னும் ஓயவில்லை. பாடப் புத்தகங்களின் தரத்தையும் தேர்வு முறையையும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எட்டு மணி நேரம் வேலை பார்த்து, வீட்டில் சமைத்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு புத்தகத்தைத் திறந்த பெண்ணை ஏளனம் செய்வது வேறு விஷயம். அதை மன்னிக்க முடியாது.

இன்றைக்குப் பாடம் கைபேசியிலேயே வந்துவிடுகிறது. தேர்வுக்கோ பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும். மூன்று ஷிஃப்டில் வேலை பார்க்கும் நர்ஸும் பேருந்து நடத்துநரும் அந்த நாள்களுக்காக லீவு கேட்டு நிற்கிறார்கள். டியூட்டி போடுகிறவர் மனம் வைத்தால் உண்டு. தேர்வு நாள்களில் சம்பளத்தோடு விடுப்பு என்பதை எல்லா வேலையிடங்களுக்கும் சட்டமாக்கலாம். கல்லூரிகள் நேரத்தை மாற்றிக்கொண்டதைப் போல முதலாளிகளும் மாற்றிக்கொள்ள வேண்டிய பாக்கி அது.