சூப்பர்காக் குன்றில் வாசிக்கப்படும் பெயர்கள்

இத்தாலியின் வடபால் அமைந்த தூரின் நகருக்கு அண்மையில் சூப்பர்கா என்னும் குன்றொன்று உண்டு. ஏறத்தாழ 670 மீற்றர் உயரமுள்ள அதன் உச்சியிலே, 1706ஆம் ஆண்டின் முற்றுகையிலிருந்து நகர் மீண்டமைக்கு நன்றிக் கடனாகச் சவோய் அரச மரபினர் எழுப்பிய பேராலயம் நிற்கின்றது. அம்மரபினர் பலரின் கல்லறைகளும் அங்கேயே உள்ளன. எனினும், ஆண்டுதோறும் மே மாதம் 4ஆம் திகதி குன்றேறிச் செல்லும் பெருந்திரளான மக்கள் அரசர்களை நினைந்து செல்பவர் அல்லர். அவர்கள் ஆலயத்தின் பின்புறத்தே உள்ள மதிலருகிற் கூடுகின்றனர். தொரீனோ உதைபந்தாட்டக் கழகத்தின் குழுத் தலைவராக அவ்வாண்டில் விளங்குபவர் முப்பத்தொரு பெயர்களை உரத்து வாசிக்கின்றார். வாசித்து முடியும்வரை கூட்டத்தில் ஓசை எழுவதில்லை.

அங்கு நிற்பவர்களுள் அப்பெயர்களுக்குரியோர் ஆடிய ஆட்டத்தைக் கண்ணாற் கண்டவர் இன்று மிகச் சிலரே. ஏனையோர் தந்தை சொல்லக் கேட்டவர்கள். தந்தையோ பாட்டன் சொல்லக் கேட்டவர். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குழுவின் நினைவு இவ்வாறு வாய்மொழியாக வழங்கி வருவதன் காரணம் யாது? அவர்கள் இறந்த விதமே காரணம் என்று பலரும் எண்ணுவர். அது பாதி உண்மையே. மறு பாதியை அறிய வேண்டுமாயின் அவர்கள் வாழ்ந்த விதத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

தூரின் நகரின் இத்தாலியப் பெயரே தொரீனோ என்பது. 1906ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இக்கழகத்தார் அணிவது மாதுளையின் கருஞ்சிவப்பு நிறச் சட்டை. அதே நகரில் யுவெந்துஸ் என்னும் மற்றொரு புகழ்பெற்ற கழகமும் உண்டு. இவ்விரு கழகத்தாரின் போட்டி நகரையே இரண்டாகப் பிரித்து வைத்தது. 1939இல் பெருச்சியோ நோவோ என்பவர் தொரீனோவின் கழகத் தலைவரானார். ஆட்டத் திறனை இனங்காண்பதில் வல்லவரான அவர், 1942இல் வெனிஸ் நகரக் கழகத்திலிருந்து வலென்தீனோ மத்சோலா, எத்சியோ லொயிக் என்னும் இருவரை அழைத்து வந்தார். இருவரும் 1919ஆம் ஆண்டிற் பிறந்தவர்கள். இருவரும் உள்முனை ஆட்டக்காரர்கள். அவர்கள் வந்த பருவத்திலேயே தொரீனோ தேசிய லீக் போட்டியையும் இத்தாலியக் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. அதற்குமுன் எந்த இத்தாலியக் கழகமும் அவ்வாறு வென்றதில்லை.

இரண்டாம் உலகப் போர் தேசிய லீக்கை நிறுத்தியது. ஆட்டக்காரர் போர்முனைக்கு அனுப்பப்படாதிருக்கும் பொருட்டுப் பியட் தொழிற்சாலையின் ஊழியர்களாகப் பதிவு செய்யப்பட்டனர். 1944இல் நடைபெற்ற போர்க்காலப் போட்டியில் ஸ்பெத்சியா நகரத் தீயணைப்புப் படையினரின் குழுவிடம் அவர்கள் தோற்றதும் உண்டு. போர் முடிந்தபின் 1946, 1947, 1948, 1949 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் அவர்களே வெற்றி வாகை சூடினர். 1943ஆம் ஆண்டின் வெற்றியையும் கூட்டினால் தொடர்ந்து ஐந்து முறை தேசிய வெற்றி அவர்களதாயிற்று. 1947-48ஆம் ஆண்டுப் பருவத்தில் 40 ஆட்டங்களில் 125 கோல்களைப் போட்டனர். அப்பருவத்திலேயே அலெசாந்திரியா குழுவைப் பத்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றனர். 1947ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி தூரின் நகரில் ஹங்கேரியை 3-2 என வென்ற இத்தாலிய தேசியக் குழுவின் பதினொருவருள் பதின்மர் தொரீனோ கழகத்தாரே. கோல் காப்பாளர் ஒருவர் மாத்திரமே வேறு கழகத்தவர். அவர் யுவெந்துஸ் கழகத்தைச் சேர்ந்தவர்.

ஆயினும் மூத்த இரசிகர்கள் நினைவுகூர்ந்தபோது எண்களிலிருந்து தொடங்கியதில்லை. அவர்கள் பெயர்களிலிருந்தே தொடங்கினர். பாச்சிகலுப்போ, பல்லரின், மரோசோ, கிரேசர், ரிகமொந்தி, கஸ்திலியானோ, மெந்தி, லொயிக், கபெத்தோ, மத்சோலா, ஒஸ்ஸோலா என்று கோல் காப்பாளர் முதல் இடது ஓர ஆட்டக்காரர் ஈறாக அப்பதினொரு பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லுவது அந்நகரச் சிறுவர்களுக்கு வாய்பாடு போன்றது. உதைபந்தையே விரும்பாத இத்தாலியர் பலருக்குங்கூட அவ்வரிசை மனப்பாடம்.

பெயர்களை அடுத்து வருவது பிலதெல்பியா மைதானம். அப்பெயருடைய வீதியில் 1926இல் திறக்கப்பட்ட அம்மைதானத்தில் படிமேடைகள் ஆடுகளத்தை ஒட்டியே அமைந்திருந்தன. முன்வரிசையில் நின்றவர்க்கு ஆட்டக்காரர் ஒருவரையொருவர் அழைக்கும் குரல் கேட்கும். அங்கே புகையிரத ஊழியர் ஒருவர் எக்காளத்துடன் வருவது வழக்கம். ஆட்டம் மந்தமாகச் செல்லும் வேளையில் அவர் எழுந்து எக்காளத்தை ஊதுவார். அவ்வொலி கேட்டதும் மத்சோலா தம் சட்டைக் கைகளை முழங்கைவரை சுருட்டிவிடுவார். அதன் பொருள் யாவருக்கும் விளங்கும். அடுத்த கால் மணி நேரத்தில் எதிர்க்குழுவினர் தம் எல்லையை விட்டு வெளியேற இயலாது திணறுவர். ‘கருஞ்சிவப்புக் கால் மணி’ என்று அதற்கு இரசிகர்கள் பெயரிட்டனர். தேசிய லீக் ஆட்டங்களில் 1943ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குப் பின்னர் அக்குழு அம்மைதானத்தில் தோல்வியை அறிந்ததே இல்லை.

ஆட்டக்காரர் இரசிகர்களிடமிருந்து விலகி வாழ்ந்தவர்களும் அல்லர். கபெத்தோவும் ஒஸ்ஸோலாவும் நகரின் நடுவே கோப்பிக் கடையொன்றை நடத்தினர். ஞாயிறன்று கோல் போட்டவரைத் திங்களன்று கடையிற் கண்டு பேச முடிந்தது. பாச்சிகலுப்போ, ரிகமொந்தி, மர்தெல்லி ஆகிய மூன்று இளைஞர்கள் நீத்சா வீதியில் ஒரே இல்லத்தில் தங்கியிருந்தனர். அவர்களின் குறும்புகள் அயலெங்கும் கதைகளாக உலவின. குழுவின் அமைப்பை நெறிப்படுத்திய எக்ரி எர்ப்ஸ்தைன் ஹங்கேரிய யூதர். இத்தாலியின் இனச் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறி, ஹங்கேரியிற் கட்டாய உழைப்பு முகாமிற் சிக்கி, உயிர் தப்பி, போருக்குப்பின் அதே கழகத்துக்கு மீண்டவர். குண்டுவீச்சினாற் சிதைந்து, பசியும் வேலையின்மையும் சூழ்ந்திருந்த அந்நகர மக்களுக்கு, தம்மைப்போலவே போரைக் கடந்து வந்த மனிதர்கள் வாரந்தோறும் தலைநிமிர்ந்து ஆடிய காட்சி எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1949ஆம் ஆண்டின் லீக் போட்டி முடிய நான்கு ஆட்டங்களே எஞ்சியிருந்தன. தொரீனோ முன்னணியில் நின்றது. அவ்வேளையில், போர்த்துக்கலின் பென்பிக்கா கழகத்தின் குழுத் தலைவரான பிரான்சிஸ்கோ பெரெய்ராவைச் சிறப்பிக்கும் நட்பு ஆட்டமொன்றுக்காக அவர்கள் லிஸ்பன் சென்றனர். மத்சோலாவுக்கும் பெரெய்ராவுக்கும் இடையே இருந்த மதிப்பே அவ்வாட்டத்துக்கு வித்திட்டது. மே மாதம் 3ஆம் திகதி நடந்த ஆட்டத்தில் பென்பிக்கா 4-3 என வென்றது. மறுநாள் பார்சலோனாவில் தரித்துப் புறப்பட்ட விமானம் தூரினை நெருங்கியபோது கார்முகிலும் மூடுபனியும் மழையும் குன்றுகளை மறைத்திருந்தன. மாலை 5 மணி கழிந்து சில நிமிடங்களில் அது சூப்பர்காப் பேராலயத்தின் பின்மதிலில் மோதிச் சிதறியது. ஆட்டக்காரர் பதினெண்மர், பயிற்றுநர்களும் கழக அலுவலரும் உடன் சென்றோருமாக அறுவர், பத்திரிகையாளர் மூவர், விமானப் பணியாளர் நால்வர், ஆக முப்பத்தொருவரும் மாண்டனர்.

தேசியக் குழுவின் பயிற்றுநராக நெடுங்காலம் இருந்து, 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்று தந்த வித்தோரியோ பொத்சோ, உடல்களை ஒவ்வொன்றாக அடையாளங் காட்டும் துயரப் பணியை ஏற்றார். மே 6ஆம் திகதி இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் திரண்டனர். எஞ்சிய நான்கு ஆட்டங்களுக்கும் தொரீனோ தன் இளைஞர் குழுவை அனுப்பியது; எதிர்த்தாடிய கழகங்களும் தத்தம் இளைஞர்களையே களத்தில் இறக்கின. அவ்விளைஞர்கள் நான்கிலும் வென்றனர். அதே மாதம் 26ஆம் திகதி ஆர்ஜென்ரீனாவிலிருந்து றிவர் பிளேற் கழகத்தார் கடல் கடந்து வந்து, இறந்தோர் குடும்பங்களுக்கு உதவும் பொருட்டு ஆடினர். மறு ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்காகப் பிரேசிலுக்குச் சென்ற இத்தாலியக் குழு விமானத்தை விடுத்துக் கப்பலிலே சென்றது.

விதிவசத்தால் பயணத்தைத் தவறவிட்டோரும் சிலர் இருந்தனர். கழகத் தலைவர் நோவோ நோயுற்றிருந்தார். வானொலி வருணனையாளர் நிக்கொலோ கரோசியோ தம் மகனின் உறுதிபூசுதல் சடங்கின் பொருட்டு நின்றுவிட்டார். பின்காப்பாளர் சவுரோ தொமா முழங்காற் காயத்தினாற் செல்லவில்லை. 2018ஆம் ஆண்டு வரை வாழ்ந்த தொமா, தோழர்களைப் பற்றிய நினைவுகளை அடுத்தடுத்த தலைமுறை இரசிகர்களுக்கு எடுத்துரைத்து வந்தார். தப்பிப் பிழைத்தது அவருக்குக் கொடையாக மட்டுமன்றிச் சுமையாகவும் இருந்தது.

அச்சுமை கழகத்துக்கும் உரியதாயிற்று. பின்வந்த ஒவ்வோர் ஆட்டக்காரரும் இறந்தவரோடு ஒப்பிடப்பட்டார். அந்த ஒப்பீட்டில் வெல்லுதல் எவர்க்கும் அரிது. பத்தே ஆண்டுகளில், 1959இல், கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த பதிற்றாண்டில் லுயிஜி மெரோனி என்னும் ஓர ஆட்டக்காரர் இரசிகர் உள்ளத்தைக் கவர்ந்தார். 1967ஆம் ஆண்டுக் கோடையில் அவரை யுவெந்துஸ் கழகத்துக்கு விற்க முயன்றபோது இரசிகர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர், விற்பனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு, வீதியைக் கடக்கையில் மோட்டார் வண்டி மோதி அவர் இறந்தார். வயது இருபத்துநான்கு. வண்டியைச் செலுத்தி வந்த இளைஞரோ மெரோனியைப் போற்றிய தொரீனோ இரசிகர். ஒரு வாரத்தின்பின் யுவெந்துசை எதிர்த்து ஆடிய தொரீனோ நான்கு கோல்களால் வென்றது. மெரோனியின் நண்பர் நெஸ்தோர் கொம்பின் மூன்று கோல்களைப் போட்டார். நான்காவதைப் போட்டவர் மெரோனியின் 7ஆம் இலக்கச் சட்டையை அணிந்திருந்த கரெல்லி. மூத்த இரசிகர் பலர் அந்நாளைச் சொல்லத் தொடங்கினால் முடிக்க இயலாது நிறுத்தி விடுவர்.

இறுதியில் 1976ஆம் ஆண்டு பயிற்றுநர் லுயிஜி ராதிச்சேயின் கீழ், புலிச்சி, கிரத்சியானி என்னும் இரு முன்னணி ஆட்டக்காரரின் திறத்தினால் தேசிய வெற்றி மீண்டும் கிட்டியது. இடையே கழிந்தவை இருபத்தேழு ஆண்டுகள். அதன்பின்னர் அவ்வெற்றி மீளவில்லை.

நினைவைக் காத்தவர் எவர் என்பதற்குப் பிலதெல்பியா மைதானத்தின் கதை சான்று பகரும். 1963இல் முதற்குழு அங்கே தன் இறுதி லீக் ஆட்டத்தை ஆடியது. பின்னர் மைதானம் பயிற்சிக்கே பயன்பட்டது; படிமேடைகள் பிளந்தன. 1997இற் பெரும்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. மீளக் கட்டுவதாகக் கூறப்பட்ட வாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்தன. புல்லும் புதரும் மண்டிய அவ்விடத்தைக் கைவிட மறுத்தவர் இரசிகர்களே. அவர்கள் துப்புரவு செய்தனர், நிதி திரட்டினர், நகர சபையின் வாயிலைத் தட்டினர். 2017ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி மைதானம் புதிதாகத் திறக்கப்பட்டபோது, பழைய படிமேடைகளின் எஞ்சிய துண்டுகளும் அங்கே பேணப்பட்டன. அதற்கு முன்னரே, 2008ஆம் ஆண்டில், நகரின் அயலிலுள்ள குருலியாஸ்கோவில் நூதனசாலையொன்றை நினைவைப் பேணும் இரசிகர் சங்கத்தார் திறந்திருந்தனர்.

நினைவுகூர்தல் இரு வகைப்படும். இறப்பை நினைந்து அழுதல் ஒன்று. வாழ்வை நினைந்து பேசுதல் மற்றொன்று. தந்தையை இழந்தபோது மத்சோலாவின் மகன் சாந்திரோவுக்கு ஆறு வயது. அவர் பின்னர் மிலான் நகரின் இன்றர் கழகத்துக்காக ஆடி ஐரோப்பியக் கிண்ணத்தை இருமுறை வென்றார். அவர் களத்தில் இறங்கியபோதெல்லாம் தந்தையின் ஆட்டத்தைக் கண்டிருந்த பிற கழக இரசிகர்களும் அந்த ஓட்டத்தையும் திருப்பத்தையும் தேடினர். அவர்கள் தேடியது மே 4ஆம் திகதியை அன்று. சுருட்டிய சட்டைக் கையையே.

ஆகவேதான் குன்றின்மேல் முப்பத்தொரு பெயர்களைக் கேட்டு மௌனமாய் நின்றவர்கள், இறங்கி வரும் வழியில் பதினொரு பெயர்களைச் சொல்லுகின்றனர். முதியவர் பாச்சிகலுப்போ என்று தொடங்க, உடன் வரும் சிறுவன் ஒஸ்ஸோலா என்று முடிக்கின்றான். அந்த வரிசை பிழையின்றிச் சொல்லப்படும் வரையில், பிலதெல்பியா மைதானத்தில் எக்காளம் ஒலித்தது என்பதை அந்நகரம் மறக்கப்போவதில்லை.