கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடி

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும். நிலத்தின் பரப்பையும் நான்கு எல்லைகளையும் எழுதியதோடு உறுதி முடிவதில்லை. கிணற்றில் எத்தனை பங்கு, அக்கிணற்றுக்குச் செல்லும் வழியிலும் வாய்க்காலிலும் என்ன உரிமை என்பனவும் எழுதப்பட்டிருக்கும். ஆறில்லாத குடாநாட்டில் நீர்தான் சொத்து. அதை எப்படிப் பங்கிடுவது என்பதில் நம் முன்னோர் காட்டிய கவனத்திற்கு அளவில்லை. கழிவை எங்கே விடுவது என்பதற்கோ அவர்களிடம் விதி இருக்கவில்லை. பனங்காணியும் வடலியும் இருக்க விதி எதற்கு?

விதி வெளியிலிருந்து வந்தது. கொழும்பில் 1914இல் பிளேக் நோய் பரவியது. மறு ஆண்டில், 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. கட்டட வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற நடைமுறை இன்றும் இச்சட்டத்தின் மீதே நிற்கிறது. அச்சுவேலியில் வீடு கட்டுபவர் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு வரைபடம் கொடுக்கும்போது, நூறாண்டுகளுக்கு முன்பு கொழும்பு நெரிசலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டத்துக்கே பதில் சொல்கிறார். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பை ஆரம்பித்தது. அதன் பின்னர் மலசலகூடம் என்பது நோய்த்தடுப்பின் முதற் படியாயிற்று. கிராமம் கிராமமாகக் குழி வெட்டுவித்த பெருமை பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களைச் சாரும்.

அவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல் ஐம்பது அடி. மலக்குழி கிணற்றிலிருந்து அவ்வளவு தூரத்திலாவது இருக்க வேண்டும். இதில் ஒரு நியாயம் உண்டு. கழிவுநீர் மண்ணூடாக மெல்லக் கசியும்போது கிருமிகள் மண்துகள்களில் பிடிபட்டு மடியும். மண் வடிகட்டியாகிறது.

அச்சுவேலியில் அந்த வடிகட்டி பல இடங்களில் சில அடி ஆழம்தான். செம்மண்ணுக்குக் கீழே மயோசின் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. அதில் வெடிப்புகளும் குகைகளும். பக்கத்தில் நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பாறையின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான அந்தப் பள்ளத்தில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இத்தகைய பாறையில் நீர் கசிவதில்லை, ஓடுகிறது. வெடிப்பு ஒன்று நேராகக் கிணற்றுக்குப் போனால் ஐம்பது அடி என்ன, நூறு அடியும் காப்பாற்றாது.

இன்னொரு கணக்கும் உண்டு. குடிநிலத்தில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அதாவது ஒரு பரப்பு ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாக வெட்டினால் பக்கம் 52 அடி. சீதனமாகப் பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பாகிவிட்ட காணியின் பக்கம் 74 அடிதான். தன் கிணற்றுக்கு ஐம்பது அடி விட்டு மூலையில் குழி வெட்டினால் அது வேலிக்கு அப்பால் அயலவர் கிணற்றை நெருங்கும். அயலவரும் அப்படியே செய்வார். வரைபடங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கும். ஊர் முழுவதையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தால்தான் பிழை தெரியும். ஆனால் அனுமதி காணி காணியாகவே வழங்கப்படுகிறது.

குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதினர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவைக் குறைப்பது இந்த நைத்திரேற்று. தோட்டங்களுக்கு இட்ட உரம் முதற் காரணம் என்றால், அடி கட்டாத மலக்குழி அடுத்த காரணம். அடியும் சுவரும் கட்டிய தொட்டிதான் இதற்குத் தீர்வு என்று எல்லோருக்கும் தெரியும். கட்டிய தொட்டி நிரம்பும். பவுசர் பிடித்து இறைக்கப் பணம் வேண்டும். அடியற்ற குழியோ நிரம்புவதே இல்லை. நிரம்பாத குழியை நல்ல குழி என்று நம் மேசன்மார் மெச்சுவதுதான் வேடிக்கை!

நீர்ச் சிக்கனத்தைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கியது மிகப் பிந்தியே. துலா இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மனித உடம்பே வரம்பு. இயந்திரம் வந்த பின்னர் அந்த வரம்பு போயிற்று. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி தாழ்ந்தால் கீழிருந்து உவர்நீர் சுமார் நாற்பது அடி உயரும் என்பது நிலநீரியலின் பொது விதி. மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு சரி. தமிழ்நாட்டில் 2003இல் வீடுகளுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையில் 2005இல் தேசியக் கொள்கை, 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்குத் திருத்தம், 2009இல் ஒழுங்குவிதிகள். இவை நகர அபிவிருத்திப் பிரதேசங்களுக்கே உரியவை. தோட்டமும் குடிமனையும் கலந்து கிடக்கும் கிராமங்களுக்குத்தான் அவை முதலில் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் அதன் கொள்ளளவு. குடாநாட்டு வீடுகளுக்குக் குழாய் நீர் வரத் தொடங்கியிருக்கிறது. குழாயில் வரும் நீரும் குளியலறையையும் மலசலகூடத்தையும் கடந்து, கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி வெட்டிய அதே குழிக்குள்தான் போகிறது.